ஜன்னலைத் திறந்து கையாட்டினேன்

ஒரு சாவு வீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையாட்டிய ஆள் நான். ராயபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட இது தெரியும்.

மூன்றாவது மாடி ஜன்னல். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். கீழே தெருவில் சாமியானா, வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி, அறுபது எழுபது பேர். அத்தனை பேரும் அண்ணாந்து என்னையே பார்த்தார்கள். நான் கையாட்டினேன். என் பக்கத்தில் என் மகள் ஜெனி. ஏழு வயது. டிரம்ஸ் குச்சி இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்து, கச்சேரி முடித்தவள் மாதிரி குனிந்து ஒரு வணக்கம் போட்டாள்.

அதற்கப்புறம்தான் நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த ஐஸ் பெட்டி என் கண்ணில் பட்டது.

இதை இந்தத் தொடரில் எழுத வேண்டாம் என்று என் மனைவி சகாயம் சொன்னாள். "யார்டு, பஸ்ஸு, கேன்டீனுன்னு ஷோக்கா எய்திகினு கீறே. இத்த இன்னாத்துக்கு கெளப்புறே?" என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் எழுதாமல் இருந்தால் எனக்கு வயிறு எரிகிறது. எழுதினாலும் எரியும் போலிருக்கிறது, பார்ப்போம்.

பஞ்சு கொடுத்தார்கள்

இப்போது நான் காட்டுப்பள்ளி பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் ஃபிட்டர். போன வாரம் கம்பெனி பஸ்ஸைப் பற்றி எழுதினேனே, அதே யார்டுதான். ஆனால் நான் தொழில் கற்றது ஹார்பரில், ஒரு கான்ட்ராக்டரிடம்.

கப்பலின் அடித் தொட்டிக்குள் இறங்கித் துருவைச் சுரண்டுவது வேலை. நான்கு பக்கமும் இரும்பு. உள்ளே ஆறு பேர் ஒரே நேரத்தில் கிரைண்டர் பிடிப்போம். அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியாது. மேலே ஏறி வந்தபிறகும் ஒரு மணி நேரம் காதுக்குள் யாரோ விசில் ஊதிக்கொண்டே இருப்பான்.

காதுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டோம். பஞ்சு கொடுத்தார்கள். அதையும் மதியம் வரைக்கும் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று என்று கைக்கு அளந்து கொடுத்தான் எங்கள் சூப்பர்வைசர். அவன் மட்டும் மேலே நிற்கும்போதுகூட இரண்டு காதையும் மூடும் பெரிய மஃப் போட்டிருப்பான். இன்றைக்கு நினைத்தாலும் அவன் சட்டையைப் பிடிக்கத் தோன்றுகிறது.

பல வருஷம் கழித்து இந்த யார்டில் சேரும்போது காது பரிசோதனை செய்தார்கள். டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். வலது காதுக்கான கோடு ஒழுங்காகப் போனது. இடது காதுக்கான கோடு பாதி வழியில் படுத்துவிட்டது. "இனி திரும்பி வராது" என்றார். இருபத்தைந்து வயதில் காதுக்குக் கேட்டதற்கு நாற்பதில் பதில் கிடைத்தது.

அந்தத் தொட்டிக் காலத்தில்தான் எனக்கு ராக் பாட்டு வந்து சேர்ந்தது. பழுதுக்கு வந்த ஒரு கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், இன்ஜின் ரூமில் வேலை. எங்கள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எலுமிச்சை ஊறுகாயைக் கேட்டு வாங்கித் தின்பார். கப்பல் கிளம்பும் நாளில் ஒரு பாட்டில் ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு கேசட்டை என் பையில் போட்டார்.

வீட்டில் போட்டுக் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. கிடார் வந்து மூஞ்சியில் அறைந்தது. ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினான். சூப்பர்வைசரைப் பார்த்து நான் கத்த முடியாததையெல்லாம் எவனோ ஒருவன், எந்த ஊர்க்காரனோ, என் சார்பாகக் கத்திக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து எனக்கு வேறு பாட்டு பிடிக்கவில்லை.

என் அம்மா கேட்டுவிட்டுச் சொன்னது, "அந்தப் புள்ளைக்கு வயித்து வலியா நைனா?"

"கானா குரூப்பா சார்?"

எனக்குக் கல்யாணம் தாமதம். ஜெனி அதைவிடத் தாமதம். அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது, திருவொற்றியூரில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பினோம். கன்டெய்னர் டிரைலர்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். முன்னால் பத்து, பின்னால் பத்து, எல்லாம் ஹாரன். ஜெனி வீறிட்டு அழுதாள். சகாயம் தாலாட்டிப் பார்த்தாள், பிஸ்கட் கொடுத்துப் பார்த்தாள். நான் போனில் அந்தப் பழைய கேசட்டின் முதல் பாட்டைப் போட்டு அவள் காதருகே வைத்தேன். அழுகை நின்றது. தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்த்து, "பாப்பாக்கு ஒரிஜினல் ரத்தம்ணா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பாட்டில் ஓர் இடம் வரும். எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். டிரம்ஸ் மட்டும் நான்கு அடி. அப்புறம் எல்லாம் சேர்ந்து விழும். அதற்கு ஜெனி வைத்த பெயர் 'கதவு உடைக்கிற இடம்'. முதலில் சோபாவில் உடைத்தாள். பிறகு சகாயத்தின் இட்லிப் பானையில் உடைத்தாள். அவளுக்கு ஆறு வயதானபோது, பெரம்பூரில் லைட் மியூசிக் குழுவில் வாசித்துவந்த என் நண்பன் துபாய் கிளம்பும்போது அவனுடைய சின்ன டிரம்ஸ் செட்டை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். பெடலுக்கு அவள் கால் எட்டாது. மரக்கட்டையைச் சீவி அவள் செருப்பின் அடியில் கட்டிவிட்டேன்.

சின்னக் கைக்கு ஏற்ற குச்சி வாங்க மவுன்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் எங்கேயிருந்து வருகிறோம் என்று கேட்டான். ராயபுரம் என்றேன். "ஓ, கானா குரூப்பா சார்? அதுக்கு இவ்ளோ நல்ல குச்சி வேணாம்" என்றான்.

கானா எங்கள் தெருப் பாட்டு. கேட்டு வளர்ந்தவன் நான், யாராவது அதைக் கேவலமாகப் பேசினால் அடிக்கப் போவேன். இவன் ஒரே வாக்கியத்தில் கானாவையும் கேவலப்படுத்தினான், என் மகளையும் கேவலப்படுத்தினான். "இருக்கிறதுலயே நல்ல குச்சிய எடு" என்றேன். நான் சொன்ன தொனியில் அவன் உடனே எடுத்து வைத்தான். ஜெனி வெளியே வந்து, "ஏன் டாடி அந்த அண்ணனத் திட்டுன?" என்றாள். திட்டவில்லையே என்றேன். "மூஞ்சில திட்டுன" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதை இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோபம் இந்தக் கதையில் செய்த வேலையைத்தான் சொல்லப்போகிறேன்.

எது சத்தம்?

எங்கள் கட்டடம் மூன்று மாடி, பன்னிரண்டு குடும்பம். சங்கத்துக்குச் செயலாளர் கமலநாதன் சார். முதல் மாடி. ஏதோ ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டையை வீட்டுக்குள்ளேயும் இன் பண்ணிக்கொண்டிருப்பார்.

டிரம்ஸ் வந்த முதல் வாரமே அவர் வந்துவிட்டார். பேசி முடித்து, தினமும் ஐந்து மணியிலிருந்து ஐந்தேமுக்கால் வரை மட்டும் வாசிப்பது என்று ஒப்புக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தி உள்பக்கம் பழைய மெத்தையை நிறுத்தினேன். ஒரு நிமிஷம் கூடப் போனதில்லை. அப்படியும் கட்டடத்தின் வாட்ஸப் குரூப்பில் வாரத்துக்கு இரண்டு புகார். 'மூன்றாவது மாடி சத்தம் தாங்க முடியவில்லை.' பெயர் போடமாட்டார்கள். மூன்றாவது மாடி.

விடிகாலையிலிருந்து டிரைலர் போகிறது, ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது. அதற்கு யாரும் புகார் எழுதவில்லை. ஆடி மாதம் ஒரு மாதமும் ஸ்பீக்கர். எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குப் பத்து நாளும் ஸ்பீக்கர். கட்சிக் கூட்டம் என்றால் எங்கள் வாசலிலேயே பாக்ஸ். எதிர் சந்தில் வெல்டிங் பட்டறை. இதெல்லாம் யாருக்கும் சத்தமில்லை. ஒரு பெண் குழந்தை முக்கால் மணி நேரம் தன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் மட்டும் தலைவலி வந்துவிடுகிறது!

ஒரு நாள் கமலநாதன் சார் குரூப்பில் எழுதினார்: 'பெண் பிள்ளையை இப்படியா வளர்ப்பது?' நான் படித்த அதே நொடியில் பதில் எழுதினேன். அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது. எழுதிவிட்டு குரூப்பிலிருந்து வெளியேறினேன். வீட்டுக்கு ஒரு நம்பர்தான் அந்தக் குரூப்பில். எங்கள் வீட்டு நம்பர் என்னுடையது.

சகாயம், "சேந்துக்கோயா. தண்ணி லாரி வர்றதுகூட அதுலதான் போடுவாங்க" என்றாள். காலில் விழுந்து கூப்பிட்டாலும் போகமாட்டேன் என்றேன். வீராப்பு.

ஃபியூஸ் கட்டை

தரைத்தளத்தில் தேவராஜ் அண்ணன் இருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் டிரம்ஸைப் பற்றி அவர் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரியும். நெஞ்சு வலி, தேவலாம் என்று அவர் மனைவி மல்லிகா அக்கா முந்தின நாள் படியில் சொன்னார்.

நான் கையாட்டிய அன்று மதியம் அவர் இறந்துவிட்டார். குரூப்பில் போட்டார்கள். கட்டடத்தில் எல்லா வீட்டிலும் டிவியை நிறுத்தினார்கள். பிணத்தை எடுக்கும்வரை எங்கள் பக்கம் யாரும் பாட்டு, டிவி, எதுவும் போடமாட்டார்கள். சின்னப் பிள்ளைகள்கூட விளையாடாது. யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நான் நாலு மணிக்கு யார்டிலிருந்து வந்தேன். சகாயம் மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். ஜெனியை ஸ்கூல் வேனிலிருந்து இறக்கி மேலே கூட்டிப்போனேன். உடம்பு இன்னும் வந்திருக்கவில்லை, சாமியானாவும் போட்டிருக்கவில்லை. படியில் ஒரு ஈ காக்கை இல்லை. கட்டடம் அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஐந்து மணிக்கு உட்கார்ந்தோம். என் காது போனது போல் அவள் காது போகக் கூடாது என்பதில் நான் வெறியாக இருந்தேன். யார்டு ஸ்டோரில் சொல்லி, என்னுடையது போக இன்னொரு மஃப் வாங்கி வந்து, அவள் தலைக்குப் பெரிதாக இருந்ததால் உள்ளே கைக்குட்டையை மடித்து வைத்துத் தைத்திருந்தேன். முதலில் இயர்போன், அதில் பாட்டு மெல்லிசாக ஓடும். அதன்மேல் மஃப். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நடுவில் யாராவது போன் பண்ணினால் பாட்டு அறுபடும் என்பதால் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவேன். கம்பிக் கதவை உள்பக்கம் பூட்டிவிடுவேன்.

ஐந்தேகாலுக்கு உடம்பு வந்தது. மல்லிகா அக்காவின் அலறல் தெரு முனைவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் கதவு உடைத்துக்கொண்டிருந்தோம்.

பெல் அடித்திருக்கிறார்கள். கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், "மேளக்காரங்கள மாடியிலயா ஒக்கார வச்சிருக்கீங்க?" என்று விசாரித்திருக்கிறார். கடைசியில் யாரோ, பெயர் தெரிந்தும் எழுதவில்லை, படிக்கட்டின் அடியில் போய் எங்கள் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டார்.

டிரம்ஸுக்கு எதற்கய்யா கரன்ட்? நின்றது ஃபேன்தான். கூடவே பெல்லும். ஜெனிக்கு வேர்த்து ஊற்றியது. கரன்ட் போய்விட்டது என்று நினைத்தேன். பாட்டு கடைசிக் கட்டத்தில் இருந்தது. பிள்ளைக்குக் காற்று வரட்டும் என்று மெத்தையைத் தள்ளிவிட்டு ஜன்னலை விரியத் திறந்தேன். அவள் கடைசி அடியைத் தெருவே அதிர அடித்து முடித்து, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

கீழே அத்தனை பேர். அத்தனை முகமும் எங்களைப் பார்த்து. பல நாளாகப் புகார் மட்டுமே கேட்டவன் நான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இவர்கள் எல்லாம் என் மகள் வாசிப்பதைக் கேட்க நிற்கிறார்கள் என்று நம்பிவிட்டேன்.

கையாட்டினேன்.

"சாரி அங்கிள்"

கீழே ஓடினேன். ஜெனியும் பின்னாலேயே ஓடிவந்தாள். கழுத்தில் மஃப், கையில் குச்சி.

தேவராஜ் அண்ணனின் மச்சான் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "சாவு வூட்டாண்ட இன்னா கூத்துடா அட்சிகினு கீறே? கையி வேற ஆட்டுற?" சுற்றிப் பத்துப் பேர். அடி விழப் போகிறது என்று தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"நான் இல்லண்ணே. பாப்பாதான் வாசிச்சா. கொயந்த, தெரியாம வாசிச்சிட்டாண்ணே."

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. குரூப்பை விட்டு வெளியேறியது யார், கதவைப் பூட்டியது யார், போனை அடைத்தது யார், ஜன்னலைத் திறந்தது யார்? அத்தனையும் செய்தவன், ஏழு வயதுப் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றான். அந்த சூப்பர்வைசரைத் திட்டினேனே, அவனாவது கைக்கு ஒரு பஞ்சு கொடுத்தான்.

சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. குழந்தை என்றால் யாரும் அடிக்கமாட்டார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். கமலநாதன் சார் முன்னால் வந்தார். "பாப்பா, நீ பண்ணினது பெரிய தப்பு. சாரி சொல்லு" என்றார்.

ஜெனி சுற்றிலும் பார்த்தாள். யாரிடம் சொல்வது என்று அவர் சொல்லவில்லை. அவள் நேராக ஐஸ் பெட்டிக்குப் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தைப் பார்த்து, "சாரி அங்கிள்" என்றாள்.

மல்லிகா அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. அன்றைக்கு அவருக்கு நாங்களும் எங்கள் டிரம்ஸும் ஒரு பொருட்டே இல்லை. கோபப்பட்டவர்கள் எல்லாம் இழவு கொடுக்காதவர்கள்.

ஒரு மணி நேரம் கழித்து நிஜ மேளம் வந்தது. விசில், பட்டாசு, ஆட்டம். ஜெனி ஒரு வருஷம் வாசித்த சத்தத்தை அரை மணியில் வாசித்துவிட்டு, அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது அவருக்குச் செய்த மரியாதை. எனக்கும் அது புரியும், நானும் இந்த ஊர்க்காரன்தான். மாடியிலிருந்து அதைப் பார்த்த ஜெனிக்குத்தான் புரியவில்லை. "அவங்க மட்டும் வாசிக்கலாமா டாடி?" என்று கேட்டாள். "உள்ள போ" என்று கத்தினேன்.

மொட்டை மாடிக் கூட்டம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, மொட்டை மாடியில் சங்கக் கூட்டம். ஒரே விஷயம். டிரம்ஸை வெளியேற்ற வேண்டும்.

"செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா சேவியர்?" என்றார் கமலநாதன் சார்.

அதற்கு என்னிடம் பதில் கிடையாது. அதனால் வேறு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "ஒங்க பேத்தி பொறந்தநாளுக்கு இங்கதான சார் பாக்ஸ் வச்சி ஆடுனீங்க? ஸ்பீக்கர் வுட்டா வாய மூடிகினு கீறீங்க, டிரைலர்காரன் ஹாரன் அட்சா மூடிகினு கீறீங்க. எம் பொண்ணு குச்சிய தொட்டா மட்டும் ஒங்களுக்குக் காது கேக்குதா?" அரை மணி நேரம் கத்தினேன். சொன்னது அத்தனையும் உண்மை. ஜன்னலைத் திறந்தது நான் என்பதை மட்டும் அந்த அரை மணி நேரத்திலும் சொல்லவில்லை.

கடைசியில் முடிவானது இது. இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் டிரம்ஸ் கட்டடத்தில் இருக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டேன். கீழே இறங்கும்போது பார்த்தேன், படியில் ஜெனி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் வாசிக்கவே இல்லை. ஐந்து மணிக்கு நான் பாட்டைப் போடுவேன். தலைகூட ஆடாது. ஹோம்வொர்க் நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

"ஏன் ஜெனி? ஒக்காரும்மா, மெதுவா வாசி."

"வேணாம் டாடி. யாராச்சும் செத்திருப்பாங்க."

"யாரும் சாவலடா."

"ஒனக்கு எப்டித் தெரியும்? அன்னிக்கும் ஒனக்குத் தெரியாதில்ல?"

சகாயம் என்னைப் பார்த்தாள். அன்றிரவே குரூப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கமலநாதன் சாருக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துச் சேர்த்தார். அதை ஜெனியிடம் காட்டினேன். அவள் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோரு வீடு

ஒரு மாதம் போயிருக்கும். எண்ணூர் பக்கம் டிரைலர் நெரிசல், கம்பெனி பஸ் லேட். சகாயத்துக்கு மருந்துக்கடையில் லீவு, அவள் வீட்டில் இருந்தாள். நான் கேட்டைத் திறந்தபோது ஐந்து மணி ஆகிவிட்டது. தரைத்தளத்தில் மல்லிகா அக்கா வீட்டு வாசலில் ஜெனி நின்றிருந்தாள். ஸ்கூல் யூனிஃபார்ம். கையில் குச்சி.

"ஆன்ட்டி, ஒங்க வூட்ல இன்னிக்கு யாராச்சும் செத்துட்டாங்களா?"

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. மல்லிகா அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"இல்லம்மா. இன்னிக்கு யாரும் சாவல. இன்னாத்துக்குக் கேக்குறே?"

"டிரம்ஸ் வாசிக்கப் போறேன். கேட்டுட்டுத்தான வாசிக்கணும்?"

"சரி, போ" என்று மட்டும் சொன்னார் அக்கா. கதவைச் சாத்தவில்லை.

ஜெனி அடுத்த வாசலுக்குப் போனாள். அதே கேள்வி. "வெளக்கு வைக்கிற நேரத்துல இன்னா வாயிடி இது! அறிவு கீதா?" என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள் அந்த வீட்டு அம்மா. ஜெனி நகரவில்லை. மறுபடி பெல் அடித்தாள். கதவு திறந்தது. "ஆன்ட்டி, நீங்க இன்னும் பதில் சொல்லல" என்றாள்.

அவள் ஒவ்வொரு படியாக ஏற ஏற, நான் அரைப் படிக்கட்டு கீழேயே பின்தொடர்ந்தேன். போய்த் தூக்கிக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை. இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையின் வாயில் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். இந்த முறை சட்டையைப் பிடிக்க வேறு ஆள் இல்லை.

முதல் மாடியில் கமலநாதன் சார் கதவைத் திறந்தார். கேள்வியைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "யார் சொல்லிக் குடுத்தா இப்படிக் கேக்கச் சொல்லி? உங்கப்பாவா?"

"யாரும் சொல்லல அங்கிள். கேக்காம வாசிச்சா தப்புன்னு நீங்கதான சொன்னீங்க?"

உள்ளே அவர் பேத்தி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒருமுறை திரும்பி உள்ளே பார்த்தார்.

"யாரும் சாகலம்மா" என்றார்.

"தேங்க்ஸ் அங்கிள். நாளைக்கும் வந்து கேப்பேன்."

பதினோரு வீடு. சிலர் திட்டினார்கள், ஒருவர் சிரித்தார், ஒருவர் சாக்லேட் கொடுக்கப் பார்த்தார். அவள் வாங்கவில்லை, பதில் மட்டும் வாங்கினாள். எங்கள் வாசலுக்கு வந்து திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தாள்.

"டாடி, பதினொண்ணு ஆச்சு. நம்ம வூட்ல?"

"யாரும் இல்லடா" என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஜெனி, அன்னிக்கு ஜன்னலத் தொறந்தது நான்தான். கையாட்டுனதும் நான்தான். தப்பு என்னுது."

"தெரியும் டாடி" என்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "நீதான் அங்க சொல்லல."

உள்ளே போய்விட்டாள். செருப்பின் அடியில் கட்டையைக் கட்டும் சத்தம் கேட்டது.

நான் எழுந்து கீழே இறங்கினேன். கமலநாதன் சார் வீட்டு பெல்லை அடித்தேன். அவர் கதவைத் திறப்பதற்கும், மேலே ஜெனி ஆரம்பிப்பதற்கும் சரியாக இருந்தது. ஒரு மாதம் கழித்து வாசிக்கிறாள், கை வலுவாக இறங்கியது.

"சார், அன்னிக்குத் தப்பு பண்ணது பாப்பா இல்ல" என்றேன்.

"என்ன? கேக்கல" என்றார் அவர், காதில் கையை வைத்து.

நான் கத்தினேன். மூன்று மாடிக்கும், தரைத்தளத்துக்கும், திறந்திருந்த மல்லிகா அக்கா வீட்டுக் கதவுக்கும் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னேன்.